அரைஸில் இரண்டாவது கொன்ட்ரோலருக்கு ஏன் இடமில்லாமல் போனது?

கேள்வி இதுதான்: உப்புவெளியில் ஒரு அண்ணனும் தங்கச்சியும் 'டேல்ஸ்' என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் 'டேல்ஸ் ஒஃப் சிம்ஃபோனியா'வை ஒரே ரிவிக்கு முன்னால் இருந்து சேர்ந்து முடித்திருக்கிறார்கள். அதே ஆசையில் 'டேல்ஸ் ஒஃப் அரைஸ்' வாங்கினால், அது இரண்டாவது கொன்ட்ரோலரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரசிகர்களில் ஒரு கட்சி "கம்பனிக்காரரின் சோம்பல்" என்கிறது. மற்றக் கட்சி "அதை ஆரப்பா விளையாடினது?" என்று கேட்கிறது. எது சரி, அரைஸையே இரண்டு பேராக விளையாட ஏதும் வழி உண்டா, மூதூரில் இருக்கும் மச்சானையும் சேர்த்து இனி எதை விளையாடலாம் என்று அண்ணன் கேட்கிறார்.

தம்பி, உங்கள் கொன்ட்ரோலரிலும் செட்டிங்கிலும் பிழை ஒன்றும் இல்லை. அரைஸில் அந்த வசதி அறவே கிடையாது. 2021 செப்டெம்பரில் கேம் வெளிவருவதற்கு முன்னரே தயாரிப்பாளர் யூசுகே டொமிசாவா இது ஒருவர் மட்டும் விளையாடும் கேம் என்று சொல்லிவிட்டார். 2023இல் வந்த 'பியொண்ட் த டோன்' விரிவாக்கத்திலும் அது மாறவில்லை. ஆகவே மெனு மெனுவாகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சண்டை பிடிக்கிற இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. டேல்ஸ் தொடரில் கூட்டு விளையாட்டு என்பது தனியாகக் கட்டிச் சேர்த்த ஒரு பகுதியாக ஒருநாளும் இருந்ததில்லை. சண்டை முறையின் வடிவம் அதற்குத் தானாகவே இடம் விட்டிருந்தது. அந்த வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, கடைசியில் இடமும் போனது. இதை விளங்கிக்கொண்டால் எந்தக் கேமில் தங்கச்சிக்கு இடம் இருக்கும், எதில் இருக்காது என்று வாங்க முன்னரே ஊகிக்கலாம்.

1995இல் சுப்பர் ஃபமிகொம் என்ற பழைய நின்டெண்டோ மெஷினில் வந்த முதல் கேமான 'ஃபாண்டேசியா'வில் எல்லோரும் ஒரே கோட்டில்தான் முன்னும் பின்னும் ஓடினார்கள். ஜப்பானில் 2003இல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த சிம்ஃபோனியா முப்பரிமாணத்துக்குப் போனது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்கும் தான் குறிவைத்த எதிரிக்கும் இடையிலுள்ள கோட்டிலேயே ஓடினார்கள். கோடு இருக்கிறவரைக்கும் கமரா பக்கவாட்டில் நிற்கலாம். பக்கவாட்டில் நிற்கிற கமராவுக்கு நாலு பேரைக் காட்டுவது பெரிய வேலை இல்லை. நாலு பேரில் ஒருவரை நீங்கள் ஆட்ட, மற்ற மூவரைக் கொம்பியூட்டர் ஆட்டியது. அந்த மூவரில் ஒருவரைக் கொம்பியூட்டரிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுப்பதுதான் இந்தத் தொடரில் கூட்டு விளையாட்டு. திரையைப் பிரிக்கத் தேவையில்லை, புதிதாக ஒரு ஆளை வரையவும் தேவையில்லை. கேம்கியூபின் முகப்பிலேயே நாலு கொன்ட்ரோலருக்கான துளைகள் இருந்ததால் வேறு சாமான் வாங்கவும் தேவைப்படவில்லை. பிளேஸ்டேஷன் 2இல் துளை இரண்டுதான். மூன்றாவது ஆளுக்குத் துளைகளைக் கூட்டித் தரும் மல்டிடாப் வாங்க வேண்டும்.

அது எப்போதும் சரிசமமான விளையாட்டாகவும் இருக்கவில்லை. சண்டைக்குள்ளே மட்டும்தான் இரண்டாவது ஆளுக்கு வேலை. ஊரில் நடப்பது, கடையில் வாங்குவது, புதிர் அவிழ்ப்பது, கதை கேட்பது எல்லாம் முதல் ஆளின் பாடு. கமராவும் பெரும்பாலும் முதல் ஆளுக்குப் பின்னாலேயே போகும். தூரத்தில் தனியாக ஒரு எதிரியோடு மல்லுக்கட்டுகிற தங்கச்சி திரைக்கு வெளியே போய்விடுவாள். ஒருவர் சாமான் எடுக்க மெனுவைத் திறந்தால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டியதுதான். "யாரும் விளையாடவில்லை" என்கிற கட்சி இந்தக் குறைகளைத்தான் எடுத்துக் காட்டுகிறது. குறைகள் உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்கள் எட்டுகிற முடிவு பிழை. கதை கேட்க விருப்பமான, பட்டன் வேகத்தில் போட்டி போட விரும்பாத ஒருவருக்கு இந்தச் சரிசமமில்லாத இடம்தான் வசதி. சண்டை வரும்போது கையில் எடுக்கலாம், தேத்தண்ணி போட எழும்பினால் கொம்பியூட்டர் ஆட்டும் 'ஓட்டோ' முறையில் ஆளை விட்டுவிட்டுப் போகலாம். அதனால் மற்றவரின் கேம் ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லோரும் சமமாக ஆட வேண்டிய கேம்களில் இந்தச் சலுகை கிடைப்பது குறைவு.

விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 2005இல் வந்த 'த அபிஸ்'இல் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு கோட்டை விட்டு எந்தப் பக்கமும் ஓடும் வசதி வந்தது. அது ஒரு மேலதிக வசதிதான், கோடு அப்படியே இருந்தது. அதே அபிஸை 2011இல் நின்டெண்டோ 3டிஎஸுக்குக் கொண்டுபோனபோது கூட்டு விளையாட்டு இல்லாமல் போனது. கையடக்கக் கருவி என்பதால் அதைப் பெரிதாக யாரும் கேட்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

2015இன் 'ஸெஸ்டீரியா' இன்னொரு படி. அதில் மனிதர் ஒருவரும் செராஃப் என்ற ஆவி இனத்தவர் ஒருவரும் ஒன்றாகக் கலந்து ஒரே போராளியாக மாறலாம். கேமின் தனிச்சிறப்பே அதுதான். ஆனால் செராஃபை ஆட்டிக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? கலந்த பிறகு அவருக்கென்று திரையில் ஆள் இல்லை. கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்குச் சண்டை தனி அரங்கத்தில் நடக்காமல் நடந்து போகிற இடத்திலேயே தொடங்கியது. ஒடுங்கிய குகை வழிகளில் கமரா சுவரில் முட்டி நின்றது. 2016இன் 'பெர்சீரியா' அப்படிக் கலக்கும் வசதியை எடுத்துவிட்டு அரங்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனால் எல்லாப் பக்கமும் சுதந்திரமாக ஓடுவதையே வழமையாக்கி, கமராவை முதல் ஆளின் வலது ஸ்டிக்கில் கொடுத்தது. நாலு பேர் ஆடலாம், உண்மைதான். ஆனால் மற்ற மூவரும் எங்கே நிற்கிறோம் என்பதை முதல் ஆளின் தயவில்தான் பார்க்க வேண்டும்.

இனி அரைஸுக்கு வருவோம், சண்டையே இதைப் பற்றித்தானே.

கோபப்படுகிற ரசிகர்களின் பலமான வாதம் ஒன்று உண்டு. அல்ஃபென், ஷியோன், ரின்வெல், லோ, கிசாரா, டொஹாலிம் என்று ஆறு பேர். ஆறு பேரையும் நீங்கள் ஆட்டலாம், சண்டை நடக்கும்போதே ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தாவலாம். ஆக, ஆறு பேருக்கும் கையால் ஆடுவதற்கான அசைவுகள் முழுக்கச் செய்து முடிந்தாகிவிட்டது. களத்தில் எந்த நேரமும் நாலு பேர் நிற்கிறார்கள். பிறகு இரண்டாவது கொன்ட்ரோலரை வாசிக்க என்ன கஷ்டம்? வாசிக்க ஒரு கஷ்டமும் இல்லை. மெஷினின் வலு போதாது என்று சிலர் சொல்வதும் பொருந்தாது. திரையைப் பிரிக்காத வரைக்கும் வரைகிற வேலை ஒரு துளியும் அதிகமாகாது.

கஷ்டம் வாசித்த பிறகுதான் தொடங்குகிறது. அரைஸின் சண்டையில் பூஸ்ட் தாக்குதல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு மானி, அது நிறைந்ததும் அம்புப் பட்டனில் அவருடைய திசையை அழுத்தினால் அவர் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து தன் வேலையைச் செய்வார். பறக்கிறதைச் சுட்டு விழுத்த ஷியோன், மந்திரம் ஓதுகிறவரைத் தடுக்க ரின்வெல், கவசத்தை உடைக்க லோ, பாய்ந்து வருகிறதை மறிக்கக் கிசாரா, வேகமாக ஓடுகிறதைக் கட்டிப்போட டொஹாலிம். எதிரிகளை இந்த ஐந்து விடைகளுக்கு ஏற்பவே வடிவமைத்திருக்கிறார்கள். இப்போது லோவைத் தங்கச்சி ஆட்டுகிறாள் என்று வையுங்கள். அவள் ஒரு தொடர் அடியின் நடுவில் இருக்கும்போது நீங்கள் லோவின் திசையை அழுத்துகிறீர்கள். அவள் கையிலிருந்து ஆளைப் பறித்து வேறு எதிரி முன்னால் நிறுத்துவதா? அல்லது அழுத்தும் உரிமையை அவளுக்கு மட்டும் கொடுப்பதா? பின்னதைச் செய்தால், தனியாக ஆடுகிறவருக்கு இருக்கும் ஐந்து விடைகளில் ஒன்று உங்கள் கையை விட்டுப் போகிறது.

அடுத்தது விலகல். எதிரியின் அடி படப்போகும் கடைசி நொடியில் விலகினால் நேரம் ஒரு கணம் மெதுவாகி, எதிர்த்தாக்குதலுக்கு வழி திறக்கும். அரைஸின் இன்பத்தில் பாதி அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேர் ஆடினால் யாருக்காக மெதுவாவது? ஒருவரின் விலகலுக்கு மற்றவரின் நேரமும் இழுபட்டால் அவருடைய அடிகளின் தாளம் குழம்பும். சிம்ஃபோனியாவிலும் நேரம் நிற்கும், ஆனால் அது மெனு திறக்கும்போது, முழுதாக. இங்கே நொடிக்கு நொடி. குணப்படுத்தும் மந்திரங்களும் எல்லோருக்கும் பொதுவான ஒரே சேமிப்பிலிருந்துதான் செலவாகும். இரண்டாவது ஆள் ஷியோனை எடுத்துத் தாராளமாக வைத்தியம் பார்த்தால் குகையின் பாதியிலேயே சேமிப்பு வற்றிவிடும். கடைசியாகக் கமரா: அது முதல் ஆளின் முதுகுக்குப் பின்னால் கிட்ட நிற்கிறது. பொஸ் எனப்படும் பெரிய தலைமை எதிரிகளோடு மோதும்போது எதிரியின் ஒரு காலே திரையை நிறைக்கும். நாலு பேரையும் அடக்கக் கமராவைப் பின்னுக்கு இழுத்தால் எதிரி எப்போது கையை ஓங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. பிடிபடாவிட்டால் விலகல் இல்லை.

ஆகவே சோம்பல் என்ற பேச்சை விடலாம். ஆனால் "முடியவே முடியாது" என்கிற பேச்சும் எனக்கு ஒப்பாது. பூஸ்ட் உரிமையை அந்தந்த ஆளிடம் விட்டு, மெதுவாகும் கணத்தை எதிரிக்கு மட்டும் வைத்து, கமராவுக்கு ஒரு எல்லைக் கயிறு கட்டி, இரண்டு பேர் ஆடும்போது பொஸ்களின் தாக்குப்பிடிக்கும் அளவைத் திருத்தினால் ஓடும். அதற்கு எல்லாச் சண்டையையும் இரண்டாம் முறை சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவை அவர்கள் ஒரு கையின் உணர்வைச் செதுக்குவதில் போட்டார்கள். தனியாக ஆடினால் தொடரிலேயே சுவையான சண்டை அரைஸில்தான் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். விலை என்னவென்று பெட்டியின் முகப்பில் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான் என் குறை.

இது டேல்ஸுக்கு மட்டும் வந்த நிலை இல்லை. 1995இல் வந்த 'ட்ரயல்ஸ் ஒஃப் மானா'வின் மூலப்பதிப்பை இரண்டு பேர் ஆடலாம், மேலிருந்து பார்க்கும் கமரா. 2020இல் முப்பரிமாணத்தில் மறுபடி செய்தபோது கமரா முதுகுக்குப் பின்னால் வந்தது, இரண்டாவது ஆள் போனார். அதே ஆண்டு வந்த 'ஃபைனல் ஃபான்டசி கிரிஸ்டல் குரொனிக்கிள்ஸ்' மறுபதிப்பு வேறு மாதிரி ஏமாற்றியது. ஒரே அறையில் ஆடுவதை எடுத்துவிட்டு இணையத்தில் மட்டும் என்றார்கள். அதிலும் குகையை முடித்த முன்னேற்றம் அழைத்தவருக்கு மட்டும்தான் சேரும், போனவர் தன் கதையில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். இதற்கு எதிர்த்திசையில் 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' நாலு பேர் வரை இடம் கொடுக்கிறது. அதில் ஆள் மாறி ஆள் முறை வைத்து ஆடுவதால் ஒருவரின் நேரம் மற்றவரின் நேரத்தோடு மோதாது. கமராவும் நேரமும் யாருடைய கையில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும், விடை பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அரைஸை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்டீர்கள், அதை மூலையில் போட வேண்டாம். எந்த மெஷின் என்று நீங்கள் சொல்லவில்லை. பிளேஸ்டேஷன் 5 என்றால் 2023 செப்டெம்பர் புதுப்பிப்பிலிருந்து ஒரே கணக்கில் உதவிக் கொன்ட்ரோலர் என்று இன்னொன்றைச் சேர்க்கலாம். எக்ஸ்பொக்ஸில் கோபைலட் என்ற பெயரில் 2017இலிருந்தே இது இருக்கிறது. இரண்டு கொன்ட்ரோலரும் ஒன்றாகக் கணக்காகும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ஓடுவது, அடிப்பது, விலகுவது உங்களுக்கு. அம்புப் பட்டன்கள் முழுக்கத் தங்கச்சிக்கு. அதாவது எப்போது யாரைப் பாயவிடுவது என்பது அவள் முடிவு. எதிரியின் வகையையும் மானிகளையும் அவள் பார்த்துக்கொள்வாள், உங்கள் கண் எதிரியின் கையில் இருக்கலாம். இரண்டு கதாபாத்திரங்கள் சேர்ந்து எதிரியை முடிக்கிற அடியும் அவளுடைய பட்டனில்தான் வரும். கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டிக்கைத் தொட்டால் ஆள் தடுமாறுவார். ஆகவே அவளுடைய பெருவிரல் ஸ்டிக்கில் படக்கூடாது. இதைக் கூட்டு விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொஸ் சண்டைகளில் தனியாக ஆடுவதைவிடச் சுகமாகவே இருக்கும்.

உண்மையான இரண்டாவது இடம் வேண்டுமென்றால் இப்போதைக்கு இரண்டைச் சொல்வேன். ஒன்று 'வெஸ்பீரியா டெஃபினிட்டிவ் எடிஷன்', 2019இல் வந்தது. பிசி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், சுவிட்ச் எல்லாவற்றிலும் உண்டு. மற்றது 2025 ஜனவரியில் வந்த 'கிரேசஸ் எஃப் ரீமாஸ்டர்ட்'. இரண்டிலும் ஒரே அறையில் நாலு பேர் வரை ஆடலாம்.

சண்டை மட்டும் முக்கியம் என்றால் கிரேசஸ். அதில் சும்மா ஓடினாலே அடிக்கான புள்ளிகள் செலவாகும். அதனால் எல்லோரும் கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் விலகியே ஆடுவார்கள், கமராவும் அமைதியாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் புள்ளிகள் தனித்தனி, ஒருவர் செலவழிப்பது மற்றவரைத் தொடாது. சிறுவயது முன்கதையின் தொடக்கத்திலேயே தம்பி ஹியூபர்ட் கூட வருவதால் தங்கச்சி காத்திருக்கத் தேவையில்லை. அந்த முன்கதைதான் சில மணிநேரம் இழுபடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையும் வேண்டும் என்றால் வெஸ்பீரியா. தொடக்கத்தில் கதாநாயகன் யூரி தனியாகச் சிறையிலும் அரண்மனையிலும் அலைவான். எஸ்டெல் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது கொன்ட்ரோலரைக் கொடுங்கள். மெனுவின் ஆர்ட்ஸ் பக்கத்தில் எஸ்டெலின் பெயரில் ஓட்டோ என்று இருப்பதைச் செமி ஓட்டோ ஆக்கி, கொன்ட்ரோலர் இலக்கத்தையும் கொடுக்க வேண்டும். பலர் கொன்ட்ரோலரைச் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று விடுவது இந்த ஒரு படியால்தான். செமி ஓட்டோவில் அடிக்கும் பட்டனை அழுத்தினால் ஆள் தானாக எதிரியிடம் ஓடிப்போய் அடிப்பார், ஆகவே தூரம் கணிக்கத் தெரியாதவருக்கும் சரிவரும். பழகிய பிறகு முழுக்கக் கையால் ஆட்டும் மனுவல்.

யாரை யார் எடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. எஸ்டெலைத் தங்கச்சி எடுத்தால் வைத்தியம் முழுக்க அவள் பொறுப்பு. அவள் வாளைச் சுழற்றுவதில் மயங்கிவிட்டால் கூட்டமே சரியும். ரின்வெல் மாதிரி மந்திரக்காரி பிடிக்கும் என்றால் கொஞ்சம் பொறுத்து ரீட்டாவை எடுக்கட்டும். பின்னால் நின்று மந்திரம் ஓதுவதுதான் வேலை. ஜூடித்தும் ரெபீடும் வேகமான கைகளுக்கு. கொஞ்ச நேரம் தடையில்லாமல் அடிக்கவிடும் ஓவர் லிமிட் மானி எல்லோருக்கும் பொது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சின்னச் சண்டையில் அதைக் கொளுத்திவிட்டால் பொஸில் மற்றவர் முகத்தைத் தூக்குவார்.

பிசியில் என்றால் கொன்ட்ரோலர் வரிசைதான் தலையிடி. ப்ளூடூத்தில் இணைத்த ஒன்று சும்மா கிடந்து உறங்கிவிட்டு எழும்பினால் வரிசை மாறி, தங்கச்சி திடீரென்று யூரியாகிவிடுவாள். முதல் ஆளின் கொன்ட்ரோலரையாவது கேபிளில் போடுங்கள், அதை முதலில் செருகுங்கள், கேமை அதற்குப் பிறகு திறவுங்கள். கடற்கரைக்குக் கிட்டே இருக்கிற வீடு என்றால் இன்னொன்று: உப்புக் காற்றில் யூஎஸ்பி முனைகள் பூத்துப்போய்த் தொடர்பு விட்டு விட்டு வரும். பாவிக்காத நேரம் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூத்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். கரண்ட் கட்டுக்கும் ஒரு வார்த்தை: வெஸ்பீரியாவில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண ஏலாது, சேவ் புள்ளிகளிலும் ஊருக்கு ஊர் போகிற உலக வரைபடத்திலும்தான். பிசிக்கு ஒரு யூபிஎஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் தவறாமல் சேவ் பண்ணுங்கள்.

மூதூர் மச்சான் விஷயம். பிசியில் ஸ்டீம் என்ற கேம் கடையின் ரிமோட் பிளே டுகெதர்தான் வழி. கேம் உங்களிடம் மட்டும் இருந்தால் போதும். உங்கள் பிசியில் ஓடுகிற படம் அவருக்கு வீடியோவாகப் போகும், அவருடைய பட்டன் அழுத்தங்கள் உங்களுக்கு வரும். கேமைத் திறந்து, ஷிஃப்டும் டாபும் அழுத்தி, நண்பர் பட்டியலில் அவர் பெயரில் அழைப்பை அனுப்புங்கள். ஸ்டீம் கணக்கு இல்லாவிட்டால் இணைப்பு லிங்க் அனுப்பி, ஸ்டீம் லிங்க் செயலியில் அவர் திறக்கலாம்.

இங்கே பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு அப்லோட் வேகம். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நாலு பேருக்கு 1080பி, நொடிக்கு 60 படம் என்றால் 10 முதல் 30 எம்பிபிஎஸ் வரை வேண்டும் என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பனியின் கணக்கு. ஒரு மச்சானுக்கு 720பி என்றால் 5 எம்பிபிஎஸில் ஓரளவு தெளிவாகப் போகும். பழைய ஏடிஎஸ்எல் இணைப்பில் அப்லோட் 1 எம்பிபிஎஸைத் தாண்டுவதே அரிது, அதில் முயலவே வேண்டாம். ஃபைபர் என்றால் சரிவரும். டேட்டாவும் கணக்கில் எடுங்கள்: 10 எம்பிபிஎஸில் ஒரு மணிநேரம் ஆடினால் 4.5 ஜிபி, 5 எம்பிபிஎஸில் 2.25 ஜிபி. இதே அளவு மச்சானின் பக்கேஜிலும் கழியும், அவர் போன் டேட்டாவில் ஆடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தாமதம் இன்னொரு கதை. கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர். ஆனாலும் டேட்டா தண்ணீரைக் கடந்து நேரே போகாது. ஆளுக்கொரு கம்பனியின் இணைப்பு என்றால் கொழும்பைச் சுற்றித்தான் வரும். 4ஜி ரவுட்டர்களுக்கிடையில் நேரடி இணைப்பு கிடைக்காத நேரம் ஸ்டீம் தன் இடைநிலையங்கள் வழியாக அனுப்பும், நமக்குக் கிட்டியவை சென்னை, மும்பை, சிங்கப்பூர். மூதூருக்குப் போக வேண்டிய அடி சென்னை பார்த்துவிட்டு வரலாம். அதோடு படத்தைச் சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் ஆகும் நேரம் சேரும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 17 மில்லிசெக்கன். 100 மில்லிசெக்கன் தாமதம் என்பது ஆறு படம். அரைஸின் விலகலுக்கு அது மரணம். செமி ஓட்டோவில் ரீட்டாவின் மந்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மச்சானுக்கு மந்திரக்காரியைக் கொடுங்கள், வாள்காரர் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படம் திக்கினால் மச்சானின் பக்கம் ரிமோட் பிளே அமைப்பில் தரத்தை வேகம் என்பதற்கு மாற்றி, அலைவரிசை எல்லையை 5 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். உங்கள் பிசியை ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள். வைஃபை தவிர வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ்.

பிளேஸ்டேஷனில் ஷெயார் பிளே இதே வேலையைச் செய்யும், ஒரு அமர்வு ஒரு மணிநேரத்தோடு முடியும், திரும்பத் தொடங்க வேண்டும். கூட்டாக ஆட இரண்டு பேருக்கும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். இலங்கைக்கென்று பிளேஸ்டேஷன் கடை கிடையாததால் எந்த நாட்டுக் கணக்கில் கேம் வாங்கினீர்களோ அதே நாட்டுக் கணக்குக்குத்தான் சந்தாவையும் வாங்க வேண்டும். கார்ட் மாறி வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்கள் அதிகம்.

வெஸ்பீரியாவில் தொடங்கினால் எமெட் மலையில் கட்டுசோ என்ற பொஸ் வரும். தனியாக ஆடினவர்கள் பலர் கேமை மூடி வைத்த இடம் அது. நஞ்சு ஏற்றும், குட்டிகளும் கூட வரும். அரங்கத்தில் நிற்கிற பிலிபலிப் பூக்களை அடித்தால் மகரந்தம் பறந்து பக்கத்தில் நிற்கிற எல்லாரும், நம்மவர்கள் உட்பட, மயங்கி நிற்பார்கள். தனியாக ஆடினால் பொஸைப் பூவுக்குக் கிட்டே இழுப்பதும் பூவை அடிப்பதும் ஒரே ஆளின் வேலை, பாதி நேரம் தானே மயங்குவார். நீங்கள் இரண்டு பேர். யூரி பொஸைப் பூவருகே கொண்டுபோய் விட்டுவிட்டு விலகட்டும், விலகிவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகு தங்கச்சி தூரத்திலிருந்து பூவை அடிக்கட்டும். அதற்கு முன் கடையில் நஞ்சு முறிப்பு மருந்தை நிறைய வாங்கி வையுங்கள், குட்டிகளை முதலில் முடியுங்கள்.